மேல் ஏரிக்குப் போகாதவர்

என் அக்காவின் கணவருக்குச் 'சிகரம்' என்று பெயர் வைத்தவள் நான்தான். கிண்டலுக்கு வைத்தேன். அவர் மேலாளராக இருக்கும் குளியலறைச் சாமான் ஷோரூமில்தான் நான் பில் போடுகிறேன். ஒருநாள் மதியம் வாஷ்பேசின் வாங்க வந்த ஒரு தம்பதியை உட்காரவைத்து, உயரமான மலைகளில் எப்படி மூச்சு விட வேண்டும் என்று அவர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள், ஐயா கொட்டாவியை விழுங்குகிறார், இவர் மட்டும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டுக் காட்டுகிறார். "சிகரத்தைக் கொஞ்சம் கீழ இறங்கி வரச் சொல்லுங்க, பில் காத்துக்கிட்டு இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாள் பார்த்தால் போனில் தன் பெயரோடு அதைச் சேர்த்துவிட்டிருந்தார்.

கேலிக்குள்ளும் கை விட்டு மாலையைத் தேடுகிற ஆள் அவர். 'அவர்' என்பதில் இருக்கும் அந்த 'ர்' என் அக்காவுக்காகப் போடுவது. வேறு காரணம் இல்லை.

எங்கள் ஷோரூமைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் கண்ணாடிச் சுவர்களுக்குள் பளபளவென்று குளியலறைகள் இருக்கும். ஷவர் இருக்கும், தொட்டி இருக்கும், பீங்கான் பீங்கானாகக் கழிப்பறைகள் வரிசை கட்டி நிற்கும். எதிலும் தண்ணீர் வராது. எந்தக் குழாயைத் திருகினாலும் காற்றுகூட வராது. அந்த இடத்துக்கு ஏற்ற மேலாளர்தான் வாய்த்திருந்தார்.

அவருக்கு எல்லாம் தெரியும். கல்யாணமான புதிதில் நீச்சல் தெரிந்திருந்தது. நீச்சலுடை, தண்ணீர்க் கண்ணாடி, மூக்கில் மாட்டும் கிளிப் எல்லாம் வாங்கி, குளத்தங்கரையில் நின்றபடி அக்காவுக்குக் கை அசைக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் உடம்பு நனைந்ததை யாரும் பார்த்ததில்லை. பிறகு புகைப்படக்கலை தெரிந்தது. பிறகு கீபோர்டு, ஒரே ஒரு பாட்டின் முதல் இரண்டு வரிகளை வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்டோம், மூன்றாவது வரி இன்றைக்கும் வரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு பையாகவோ பெட்டியாகவோ கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அந்தக் கட்டிலுக்கு அடியில் துடைப்பம் நுழைய வழி கிடையாது.

கடைசியாக மலை வந்து சேர்ந்தது. கணுக்கால் வரை ஏறும் பூட்ஸ், மடக்கி நீட்டும் கைத்தடி, எண்ண முடியாத ஜேபிகள் வைத்த மேல்சட்டை. லிஃப்டை விட்டுவிட்டு, முதுகுப்பையில் மாதிரி டைல்ஸ் அடுக்கிக்கொண்டு படியேறினார். இரண்டாவது மாடியில் நின்று, பக்கத்து வீட்டுச் செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு இளைப்பதை நானே பார்த்திருக்கிறேன். "இது ட்ரெய்னிங்ல ஒரு பகுதி" என்பார்.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது ஒரு ஆக்சிஜன் டப்பா. கொசு மருந்து டப்பா மாதிரி இருக்கும், வாயில் வைத்து அழுத்த வேண்டும். அதைத் தன் மேஜை மேல் வைத்திருந்தார். வருகிற வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரு தடவை 'புஸ்' என்று அடித்துக் காட்டுவார். "உயரத்துல இதுதான் உயிர். இது இல்லாம நான் கிளம்ப மாட்டேன்." எங்கே கிளம்பினார் என்று யாரும் கேட்டதில்லை. அதுவரை அவர் ஏறியதில் மிக உயரமானது எங்கள் கிடங்கின் ஏணி.

என் அக்கா ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். சோதனைக் குழாய்களைக் கழுவி, புட்டிகளை அதது இடத்தில் வைத்து, பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது வேலை. அதிகம் பேச மாட்டாள். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் போவாள். அவர்களுக்கு ஒரே பெண். அப்போது அவளுக்கு எட்டு வயது. வயதுக்குச் சின்ன உடம்பு என்பதால் பொடிசு என்று கூப்பிடுவோம். அப்பா சொன்னதெல்லாம் அவளுக்கு வேதம். பள்ளியில் யார் அப்பா என்ன வேலை என்று கேட்டபோது, "மலை ஏறுறவர்" என்று சொல்லிவிட்டு வந்தவள்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர், கொஞ்சம் அப்பாவி. விடுமுறைக்குத் தன் இரண்டு பையன்களையும் எங்கேயாவது குளிர்ச்சியான இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார். சிகரம் அங்கேயே பிடித்துக்கொண்டார். "சார், என்கிட்ட விடுங்க. மேல தேசியப் பூங்கா இருக்கு. குடும்பத்தோட நடக்கலாம். நான் கூட்டிட்டுப் போறேன்." ஏதோ தன் வீட்டுக் கொல்லைப்புறம் போலச் சொன்னார்.

அப்படித்தான் இரண்டு கார்களில் கிளம்பினோம். முதலாளி குடும்பம் ஒன்றில். சிகரம், அக்கா, பொடிசு, நான் ஒன்றில். வழியில் ஒரு ஊரில் இரவு தங்கி, உடம்பை உயரத்துக்குப் பழக்கிக்கொண்டு போகலாம் என்று முதலாளியம்மா எங்கேயோ படித்துவிட்டுச் சொன்னார். "அதெல்லாம் வயசானவங்களுக்கு மேடம்" என்று சிகரம் முடித்துவிட்டார். விடியும் முன்பே சமவெளியில் கிளம்பி, வளைந்து வளைந்து ஏறி, மதியத்துக்குள் பூங்கா வாசலில் நின்றோம். காரிலிருந்து இறங்கியதும் எனக்குக் காது அடைத்தது. காற்று குளிர்ந்த கத்தி மாதிரி மூக்குக்குள் போனது.

பூங்கா அழகாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு ஏரி. கீழ் ஏரி என்று பெயர். அதைச் சுற்றி அகலமாக, சமமாக ஒரு பாதை. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள்கூட இருந்தார்கள். ஊசியிலை மரங்களுக்கு நடுவே பலகைப் பாலங்கள், உட்கார அங்கங்கே மரக்கட்டைகள், எந்தப் பூ என்ன பூ என்று சொல்லும் சின்னச் சின்ன அறிவிப்புகள். ஏரியின் அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு பாதை பிரிந்து, மரங்களைத் தாண்டி, மொட்டைப் பாறைகளுக்கு நடுவே மேல் ஏரிக்கு ஏறிப்போனது.

வாசலில் ஒரு வனக்காவலர் இருந்தார். பெண். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே எங்களைப் பார்த்தார்.

"இன்னிக்குத்தான் மேல வந்தீங்களா?"

"ஆமா" என்றார் முதலாளி.

"அப்போ இன்னிக்கு கீழ் ஏரியோட நிறுத்திக்குங்க. குழந்தைங்களுக்கு அதுவே நல்லா இருக்கும். ராத்திரி தங்கிட்டு நாளைக்கு மேல போங்க. மெதுவா போனா பசங்களே ஏறிடுவாங்க."

வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்வதைத்தான் எங்களுக்கும் சொன்னார். பலகையிலும் அதே எழுதியிருந்தது. சிகரம் கைத்தடியை நீட்டிப் பூட்டினார். "நாங்க டூரிஸ்ட் இல்லம்மா" என்றார். பூட்ஸில் விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசை இன்னும் போகவில்லை.

முதலாளி குடும்பம் காவலர் சொன்னதைக் கேட்டது. பாய் விரித்து, அவித்த முட்டையும் ரொட்டியும் எடுத்து வைத்து, பையன்கள் தண்ணீரில் கல் எறிய ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கும் அங்கேயே உட்கார்ந்துவிடத்தான் ஆசை. ஆனால் சிகரம் முதலாளியிடம், "நீங்க ரெஸ்ட் எடுங்க சார். நாங்க சும்மா மேல் ஏரி வரைக்கும் போய், ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடறோம். என் பொண்ணுக்கு இதெல்லாம் பழக்கம்" என்று சொல்லிவிட்டார். பொடிசுக்குப் பழக்கமானது பள்ளிக்கூட மைதானம் மட்டும்தான். ஆனாலும் அப்பா அப்படிச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

அவர் முன்னால் விறுவிறுவென்று போனார். முதலாளியின் கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை அந்த வேகம் குறையவில்லை. நாங்கள் மூவரும் பின்னால். பொடிசு நடப்பதே ஒரு தினுசு. நாலடி வைப்பாள், குனிவாள். ஒரு கல்லில் ஆரஞ்சு நிறத்தில் பாசி படிந்திருக்கும், அதை விரலால் தடவுவாள். பொந்திலிருந்து ஒரு அணில் மாதிரிப் பிராணி தலையை நீட்டும், அது உள்ளே போகும்வரை மூச்சை அடக்கி நிற்பாள். அக்கா அவளுக்காக நிற்பாள். அதனால் எங்களுக்கு இளைக்கவே இல்லை.

"அங்க என்ன பொறுக்கிட்டு இருக்கீங்க? இந்த வேகத்துல போனா பொழுது சாஞ்சிடும்!" என்று மேலிருந்து கத்துவார்.

"அப்பா, இங்க வந்து பாருங்க, கல்லுல கலர் கலரா வளருது!"

"மலைக்கு வந்தா மேல பார்க்கணும், கீழ பார்க்கக் கூடாது. வா!"

மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போன இடத்தில் அவருடைய சத்தம் நின்றது. நாங்கள் ஒரு திருப்பத்தில் திரும்பியபோது அவர் பாறையில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. "காட்சி நல்லா இருக்கு, அதான் நின்னேன்" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது பாறையை. பிறகு இன்னும் கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். பிறகு, தன் பூட்ஸ் மேலேயே வாந்தி எடுத்தார்.

"காலைல சாப்பிட்ட ரொட்டி சரியில்ல."

நாங்கள் எல்லோரும் அதே ரொட்டியைத்தான் சாப்பிட்டிருந்தோம்.

அக்கா அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவரோ தன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மண்டை பிளக்குது. கண்ணு இருட்டுது. டப்பாவ எடு, டப்பாவ எடு" என்றார். நான் பையிலிருந்து ஆக்சிஜன் டப்பாவை எடுத்தேன். எடுத்ததுமே தெரிந்துவிட்டது, இறகு மாதிரி இருந்தது. அவர் அதை வாயில் வைத்து அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. திருப்பி அழுத்தினார். உயிரைக் காப்பாற்றும் காற்றை எல்லாம் வாஷ்பேசின் வாங்க வந்தவர்களுக்கு 'புஸ்' 'புஸ்' என்று அடித்துத் தீர்த்தாகிவிட்டது.

அப்போது அவர் அழுதார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது என்று நாகரிகமாகச் சொல்ல முடியாது. வாய்விட்டு, மூக்கு ஒழுக, "நான் செத்துடுவேன், என்னை இங்கேயே விட்டுடாதே" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நோய் யாருக்கும் வரலாம். உயரம் ஒத்துக்கொள்ளாதது குற்றமா? அதற்காக நான் அவரை இளக்காரமாக நினைக்கவில்லை. சொல்லப்போனால் அந்தப் பாறை மேல் உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரம்தான் அவர் எனக்கு மனிதராகவே தெரிந்தார்.

பொடிசு அழவில்லை. பயந்திருந்தாள், ஆனாலும் அப்பாவின் கைத்தடியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அவருடைய பையைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டாள். அது அவள் முழங்காலுக்குப் பின்னால் இடித்தது. அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கிக்கொள்ள, அவள் முன்னால் நடந்து வழி சொன்னாள். "அப்பா, இங்க கல்லு ஆடுது. இந்தப் பக்கம் கால வைங்க. இன்னும் கொஞ்சம்தான்பா. மரம் தெரியுது பாருங்க." கீழே பார்க்கக் கூடாது என்று சற்று முன்னால் திட்டு வாங்கிய பெண்.

பாதி வழியில் அந்தக் காவலர் எதிரே வந்தார். நாங்கள் இறங்கும்போதே பார்த்துவிட்டிருந்தார் போல. எதையும் சொல்லிக்காட்டவில்லை. சிகரத்தைத் தோளில் தாங்கி வாசலுக்குப் பக்கத்தில் இருந்த முதலுதவி அறைக்குக் கொண்டுபோய், மூக்கில் ஆக்சிஜன் முகமூடி வைத்து, "பயப்படாதீங்க, கீழ இறங்க இறங்க சரியாயிடும்" என்றார். சுவரில் ஒரு ஹீட்டர், ஒரு இரும்புக் கட்டில், சாம்பல் நிறக் கம்பளி. பொடிசு வாசற்படியில் உட்கார்ந்து அப்பாவின் பூட்ஸைப் புல்லால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முகத்தில் ரத்தம் திரும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சார் பார்த்தாரா?" என்பதுதான்.

"இல்ல. அவங்க பசங்களோட பாலத்துப் பக்கம் போயிருக்காங்க" என்றாள் அக்கா.

"யார்கிட்டயும் சொல்லாதே. உன் தங்கச்சிகிட்டயும் சொல்லி வை. தயவு பண்ணி."

நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். அக்கா தலையாட்டினாள். ஒளித்துவைக்கச் சொன்னால் அவள் ஒளித்துவைப்பாள். ஆய்வுக்கூடத்தில் எந்த வாத்தியார் எதை உடைத்தார் என்று இன்றுவரை வெளியே வந்ததில்லை.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

கார் நிறுத்தும் இடத்தில் முதலாளி குடும்பம் எங்களுக்காகக் காத்திருந்தது. "என்னப்பா, இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்க? மேல் ஏரி எப்படி இருந்துச்சு?"

சிகரம் ஒரு பெருமூச்சு விட்டார். பொடிசின் தலையில் கையை வைத்தார். வைத்துத் தடவிக்கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"எங்க சார்... பொடிசால முடியல. பாதியிலேயே தலை சுத்துது, வாந்தி வருதுன்னு ஒரே அழுகை. நான் மட்டும்னா போயிருப்பேன். பெத்தவனாச்சே, விட்டுட்டா போக முடியும்?"

"அடடா, பாவம்" என்றார் முதலாளி. முதலாளியம்மா குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டார். "பரவால்லடா கண்ணு. அடுத்த தடவ பார்த்துக்கலாம். நல்லா சாப்பிடணும், சரியா?"

"அத்தான்!" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்திய அழுத்தில் மறுநாள் வரை வலித்தது. பொடிசு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய பை இன்னும் அவள் முதுகில்தான் இருந்தது. அதையாவது வாங்கிக்கொண்டு பொய் சொல்லியிருக்கலாம்.

ஷோரூமுக்குத் திரும்பிய பிறகு அந்தப் பொய் வளர்ந்தது. முதல் வாரம் பொடிசு அழுதாள். அடுத்த வாரம் மயங்கி விழுந்தாள். மாதம் முடிவதற்குள், பனிமழையில் மயங்கிக் கிடந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சிகரம் மலையிலிருந்து இறங்கிவிட்டார். கண்ணாடிக் குளியலறைக்குள் நின்று, தோளில் ஒரு ஷவர் கம்பியைச் சாய்த்துக்கொண்டு எப்படி இறங்கினேன் என்று நடித்தும் காட்டினார். புதிதாக வாங்கிய டப்பாவிலிருந்து 'புஸ்' வேறு. நான் பில்லில் கண்ணை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். முதலாளியம்மா சத்துமாவு டப்பா ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் மேடம், இவளுக்கு உடம்புல சத்தே இல்ல" என்றார், கூசாமல்.

அக்காவிடம் சண்டை போட்டேன். "நீ எப்படிக்கா சும்மா இருக்கே?"

"அவரு பயந்தவருடி" என்றாள். "பயந்தவங்கள நாலு பேர் முன்னாடி உரிச்சு என்ன ஆகப்போகுது?"

"பயந்தவன் கதவுக்குப் பின்னால ஒளியட்டும். குழந்தைக்குப் பின்னாலயா ஒளியறது?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளை அசைத்தது வேறு ஒன்று. பள்ளியில் விளையாட்டு விழாவுக்குப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பொடிசு எதிலும் சேரவில்லை. அதே பள்ளியில்தான் அக்காவுக்கும் வேலை என்பதால் விளையாட்டு டீச்சர் வந்து கேட்டிருக்கிறார். மாலையில் அக்கா மகளிடம் ஏன் என்று கேட்டாள். நானும் அப்போது சமையலறையில்தான் இருந்தேன்.

"எனக்குத் தலை சுத்தும்" என்றாள் பொடிசு.

"எப்போ சுத்துச்சு?"

"மலையில."

"மலையில உனக்கா சுத்துச்சு?"

"சுத்துச்சுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே குழப்பமாக இருந்தது. தான் கண்ணால் பார்த்ததற்கும் அப்பா வாயால் சொன்னதற்கும் நடுவே அந்தக் குழந்தை அப்பாவைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

அக்கா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அன்று இரவு சாப்பாட்டின்போது, அவர் பேச்சை முடிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. நடுவிலேயே, "அடுத்த லீவுக்கு நாம திரும்பவும் அந்தப் பூங்காவுக்குப் போறோம்" என்றாள்.

அவருக்குப் புரை ஏறியது. முழங்கால் சரியில்லை என்றார். கிடங்கில் சரக்கு வருகிறது என்றார். சீசன் முடிந்துவிட்டது என்றார். கடைசியில், "பொடிசு தாங்க மாட்டாளே" என்றார்.

"நீங்க வர வேண்டாம். நாங்க போய்க்கிறோம்" என்றாள் அக்கா.

பஸ்ஸில் போனோம், மூன்று பெண்கள். வழியில் இருந்த ஊரில் ஒரு இரவு தங்கினோம். மறுநாள் பூங்கா விடுதியில் பையை வைத்துவிட்டு, கீழ் ஏரியை மட்டும் சுற்றினோம். அந்தப் பாதையில் எத்தனை குடும்பங்கள்! தோளில் குழந்தையைத் தூக்கிவைத்து நடக்கும் அப்பாக்கள், செருப்போடு வந்துவிட்டுக் காலைத் தேய்த்துக்கொள்ளும் அம்மாக்கள், பாலத்துக்குப் பாலம் பிஸ்கட் கேட்கும் பிள்ளைகள். யாருக்கும் எங்கேயும் போய்ச் சேரும் அவசரம் இல்லை. ஒரு மனிதர் தன் பெண்ணோடு குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு வண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், சட்டை முழுக்கச் சேறு. பொடிசு அவர்கள் பக்கத்தில் போய் நின்று தானும் பார்த்தாள். நான் அந்த ஆளைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு வாய்த்ததையும் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் மேல் ஏரிக்குக் கிளம்பினோம். பொடிசு மரங்கள் முடியும் இடம் வரை சாதாரணமாக வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

"இங்கதான் சுத்தும்" என்றாள்.

"சரி, உக்காரு. சுத்துதான்னு பார்ப்போம்" என்றாள் அக்கா.

உட்கார்ந்தோம். தண்ணீர் குடித்தோம். மேகம் ஒன்று எங்களுக்குக் கீழே போனது. பொடிசு தன் தலைக்குள் காதை வைத்துக் கேட்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"சுத்துதா?"

"இல்ல."

"அப்போ கொஞ்சம் போவோம். சுத்தினா சொல்லு, திரும்பிடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

கொஞ்சம் போனோம், உட்கார்ந்தோம், மறுபடி கொஞ்சம் போனோம். எனக்குத்தான் இளைத்தது, பொடிசு என் தண்ணீர்ப் புட்டியையும் வாங்கிக்கொண்டாள். கடைசி ஏற்றத்தில் அவள் ஓட ஆரம்பித்தாள். அக்கா ஓடாதே என்று சொல்வதற்குள் மேடேறி மறைந்துவிட்டாள்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் அது ஒரு பெரிய குட்டை. சுற்றிலும் சாம்பல் நிறக் கற்கள், ஓரத்தில் அழுக்கான பனித்திட்டு ஒன்று, கண்ணில் நீர் வரவைக்கும் காற்று. கீழ் ஏரி இதைவிட எவ்வளவோ அழகு.

"அவ்ளோதானா?" என்றாள் பொடிசு.

"அவ்ளோதான்" என்றாள் அக்கா.

"இதுக்கா அப்பா அப்படி அழுதாரு?"

அக்கா சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். என் அக்கா அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பொடிசும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்தக் குட்டையின் முன்னால் மூன்று பேரும் பைத்தியங்கள் மாதிரி நின்றோம். நான் ஒரு படம் எடுத்தேன். கையை இடுப்பில் ஊன்றி, முன்பல் ஒன்று இல்லாமல் நிற்கும் பொடிசு.

வீட்டுக்கு வந்ததும் சிகரம் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். மகளைக் கட்டிக்கொள்வாரோ, ஒரு வார்த்தை சொல்வாரோ என்று நானும் அசட்டுத்தனமாக ஒரு ஆசை வைத்துவிட்டேன். அவர் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஷோரூமில் தன் மேஜைக்குப் பின்னால் மாட்டினார். "என் பொண்ணு. மேல் ஏரி. எல்லாம் நம்ம ட்ரெய்னிங்" என்று வாடிக்கையாளர்களுக்குச் சொன்னார். மயங்கி விழுந்த பெண்ணை ஒரே வருஷத்தில் மலை ஏற்றிய தகப்பன். பழைய பொய்யைத் தூக்கிப் போடவும் இல்லை பாருங்கள், அதன் மேலேயே புதியதைக் கட்டினார்.

ஒரு சனிக்கிழமை பள்ளி அரைநாளோடு முடிந்து, பொடிசு என் கவுண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். முதலாளியும் அன்று கடையில் இருந்தார். தாடி வைத்த ஒரு வாடிக்கையாளர் படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "நீதானா இது? அப்பா கூட்டிட்டுப் போனாரா?" என்று கேட்டார்.

"இல்ல, அம்மாவும் சித்தியும். அப்பாவால அங்க வர முடியாது" என்றாள் அவள், வரைவதை நிறுத்தாமல். "மேல போனா அப்பாவுக்குத் தலை சுத்தும், வாந்தி வரும். போன தடவ நாங்கதான் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தோம்."

அதில் விஷம் இல்லை. அப்பாவுக்குக் கறிவேப்பிலை பிடிக்காது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். முதலாளி காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

அந்தத் தாடிக்காரர் நல்ல மனிதர். "அட, எனக்கும் அப்படித்தான் சார். கொஞ்சம் உயரம் போனாலே ஆள் அவுட். நிறையப் பேருக்கு இருக்கு" என்றார், சிரித்துக்கொண்டே. இதைவிட அகலமாக ஒரு கதவை யாரும் திறந்துவிட முடியாது. ஆமாம் சார், எனக்கும் அப்படித்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் சிரித்திருப்போம், நானும்தான்.

"சின்னப் பிள்ளை சார். எதையாவது குழப்பிக்கிட்டுப் பேசும்" என்றார் சிகரம்.

பொடிசு பென்சிலை நிறுத்தி அவரைப் பார்த்தாள். அன்று கார் நிறுத்தும் இடத்தில் பார்த்த பார்வை இல்லை. கோபம்கூட இல்லை. வகுப்பில் தப்பான விடை சொன்ன பையனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு, மறுபடி வரைய ஆரம்பித்தாள்.

முதலாளி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த விடுமுறைக்கு முதலாளியம்மா போன் பண்ணியது அக்காவுக்கு. தன் பையன்களையும் கூட்டிக்கொண்டு அவர்களோடு வரலாமா என்று கேட்டார். இப்போது ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு சின்னக் கூட்டமே போகிறது. பொடிசுக்கு அந்தப் பொந்துப் பிராணிகள் எங்கெங்கே இருக்கும் என்று தெரியும். விளையாட்டு விழாவில் ஓடுகிறாள், பெரும்பாலும் நடுவில்தான் வருகிறாள், அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அப்பாவிடம் அன்பாகத்தான் இருக்கிறாள். எதையாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மட்டும் அம்மாவிடம் போகிறாள்.

சிகரம் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. பூட்ஸும் கைத்தடியும் கட்டிலுக்கு அடியில் கீபோர்டுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தன. அவர் இப்போது தேனீ வளர்ப்பில் இறங்கியிருக்கிறார். உலகத்திலேயே தேனீயைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. மூன்றாவது மாடிப் பால்கனியில், அக்கா துணி காயப்போடும் இடத்தில், மரப்பெட்டி ஒன்று வைத்திருக்கிறார். அதில் இன்னும் ஒரு தேனீகூட வந்து உட்காரவில்லை. ஆனாலும் தினமும் காலையில் வலைபோட்ட தொப்பியும் முழங்கை வரை உறையும் மாட்டிக்கொண்டு, பொடிசைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மெதுவாக மூடியைத் திறக்கிறார்.